கோழியை மயக்கித்தான் அறுத்தார்களா என்று விருந்தினர் கேட்கிறார், என்ன சொல்வது?

நிலாவெளி வீட்டுக்காரி எழுதியது:

வணக்கம். நிலாவெளியில் ஆறு அறை வைத்து ஒரு சின்ன விடுதி நடத்துகிறேன். சமையலும் நான்தான். போன கிழமை பெல்ஜியத்திலிருந்து ஒரு புருஷனும் மனைவியும் வந்து தங்கினார்கள், கென்ட் நகரத்து ஆட்கள். பகல் முழுக்கப் புறாமலைத் தீவுப் பக்கம் கடலில் நீந்திவிட்டு, வெயிலில் சிவந்துபோய்த் திரும்பி வந்து, இரவுக்குப் புட்டும் கோழிக் கறியும் கேட்டார்கள். கறியை மேசையில் வைத்த பிறகுதான் அந்த அம்மா மெதுவாகக் கேட்டார்: இந்தக் கோழியை அறுக்கும் முன் மயக்கினார்களா?

எனக்கு விளங்கவில்லை. மயக்கமா, கோழிக்கா? ஏதோ மருந்து ஊசி பற்றிக் கேட்கிறார் என்று நினைத்தேன். பிறகு அவர் விளக்கினார். அவர்கள் பகுதியில் கரண்ட் கொடுத்தோ வேறு வழியிலோ உணர்வை எடுத்த பிறகுதான் அறுக்க வேண்டுமாம். மயக்காமல் அறுப்பது 2019 இலிருந்து தடையாம். நான் பெருமையாக "ஹலால்" என்று சொன்னேன். நல்ல சொல் என்றுதான் நினைத்துச் சொன்னேன். அந்த அம்மாவின் கரண்டி அப்படியே நின்றுவிட்டது. இரண்டு பேரும் பருப்போடு புட்டைச் சாப்பிட்டுவிட்டு எழும்பிப் போனார்கள். கோழி முழுவதும் மறுநாள் எங்கள் வீட்டுப் பகல் சாப்பாடு.

கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் பத்து வருடமாகக் கழுவிச் சமைக்கிற சாமானைப் பற்றி ஒரு கேள்விக்கும் பதில் தெரியாமல் நின்றேனே, அது ஒரு மாதிரி. நான் வாங்குவது சந்தியில் கடை வைத்திருக்கிற ஒரு முஸ்லிம் நானாவிடம். பிஸ்மி, அதாவது அல்லாஹ்வின் பெயர், சொல்லி அறுப்பார் என்பது மட்டும் தெரியும். அவரிடமே கேட்கலாம்தான். ஆனால் 2013 இல் ஹலால் சான்றிதழை எதிர்த்து நாட்டில் நடந்த பிரச்சினைக்குப் பிறகு, ஒரு தமிழ்ப் பொம்பிளை கடையில் நின்று இதைக் கேட்டால் குறை பிடிக்க வந்தாள் என்று நினைப்பாரோ என்று தயக்கம். அதனால்தான் இங்கே கேட்கிறேன். இஸ்லாத்தில் மயக்கி அறுக்கலாமா, கூடாதா? மயக்காமல் அறுத்தால் அதற்கு நிறைய நோகுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சண்டை வேண்டாம்.


சும்மா ஒருத்தன் எழுதியது:

ஹலால் என்றால் மயக்கக் கூடாது. மயக்கினால் ஹராம். இதில் என்ன கேள்வி? வெள்ளைக்காரருக்கு மீன் குடுங்கள் அக்கா, அலுவல் முடிந்தது.


கிண்ணியாக் கத்தி எழுதியது:

தங்கச்சி, மேலே தம்பி சொன்னதில் மீன் விஷயம் மட்டும் சரி. மற்றது பாதிப் பிழை.

நான் கிண்ணியா. வாப்பா மாட்டிறைச்சிக் கடை வைத்திருந்தார். நான் 2009 இலிருந்து நாலு வருடம் கொழும்புப் பக்கம் ஒரு பெரிய கோழித் தொழிற்சாலையில் வேலை செய்தேன். என் வேலை கத்தி மட்டும்தான். இப்போது மரக்கறிக் கடை வைத்திருக்கிறேன். சிரிக்க வேண்டாம்.

அங்கே கோழி உங்கள் நானாவின் கடையில் மாதிரி கைக்கு வராது. தலைகீழாகக் காலில் கொளுவி, சங்கிலியில் வரிசையாக வரும். அந்த இடத்தில் வெளிச்சம் மங்கலான நீலம், கோழி அமைதியாக இருப்பதற்காக. எனக்கு முன்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி. கோழியின் தலை அந்தத் தண்ணீருக்குள் இழுபட்டுப் போகும். தண்ணீரில் கரண்ட். தலையால் ஏறி உடம்பு வழியாகக் கால் கொளுக்கிக்குப் போய்விடும். தொட்டிக்கு அந்தப் பக்கம் வெளியே வரும்போது கழுத்து வில் மாதிரி வளைந்து, இறக்கை உடம்போடு ஒட்டி, மெல்லியதாக நடுங்கிக்கொண்டு வரும். அதுதான் மயக்கம். அந்த நிலையில் நான் பிஸ்மி சொல்லி அறுப்பேன். ஒரு கோழிக்கு ஒரு பிஸ்மி. டேப்பில் ஓட விட்டு நாங்கள் வாயை மூடிக்கொண்டு நிற்கிற கதை எங்களிடம் இல்லை. இருபது நிமிடத்துக்கு ஒரு தரம் ஆள் மாறுவோம், இல்லாவிட்டால் மணிக்கட்டு பிடித்துக்கொள்ளும், பிடித்தால் வெட்டுப் பிசகும்.

ஆக, மயக்கி அறுத்தது ஹராம் என்றால் நான் நாலு வருடம் ஹராம்தான் அறுத்திருக்கிறேன். அப்படி இல்லை. மார்க்கத்தில் கேள்வி கரண்ட் இல்லை. கத்தி படும்போது அதற்கு உயிர் இருந்ததா, அதுதான் கேள்வி. குர்ஆனில் ஐந்தாம் அத்தியாயம் மூன்றாம் வசனம் பாருங்கள். தானாகச் செத்தது, மூச்சுத் திணறிச் செத்தது, அடிபட்டுச் செத்தது, விழுந்து செத்தது, கொம்பால் குத்துப்பட்டுச் செத்தது ஒன்றும் ஆகாது. ஆனால் உயிர் போகும் முன் நீங்கள் அறுத்ததைத் தவிர என்று அந்த வசனத்திலேயே வருகிறது.

இப்போது நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு நாள் ஹலால் பரிசோதனைக்கு ஆட்கள் வந்தார்கள். அந்தக் காலத்தில் சான்றிதழ் கொடுத்தது மார்க்க அறிஞர்களின் ஜம்இய்யத்துல் உலமா சபை, 2014 இலிருந்துதான் அதற்கென்று தனிச் சபை. வந்தவரில் ஒருவர், வயதானவர், என்னைக் கத்தியை வைத்துவிட்டு வரச் சொன்னார். தொட்டியிலிருந்து வந்த கோழியில் பத்தை அறுக்காமல் இறக்கி, தரையில் சாக்கு விரித்துப் படுக்கப்போட்டோம். அவர் குந்தியிருந்து கையில் மணிக்கூட்டைக் கழற்றி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் ஒன்றும் இல்லை, செத்த கோழி மாதிரியே. கொஞ்சத்தில் ஒன்றுக்கு வயிறு அசைந்தது, மூச்சு. பிறகு கண்ணில் அந்த மெல்லிய சவ்வு ஒரு தரம் ஓடி மூடியது. பிறகு தலையைத் தூக்கி, குடித்தவன் மாதிரி ஆடிக்கொண்டு எழும்பி நின்றது. ஒவ்வொன்றாக எழும்பின. ஒன்று நேராக என் பூட்ஸுக்கு மேலே ஏறி நின்றது. ஒன்பது எழும்பியது. பத்தாவது எழும்பவில்லை.

அவர் அந்தப் பத்தாவதைக் கையில் தூக்கி, எதுவும் பேசாமல் என்னிடம் நீட்டினார். இன்னும் சூடு. நெஞ்சில் விரலை வைத்தேன், துடிப்பு இல்லை. சங்கிலியிலேயே வந்திருந்தால் அதை நான் பிஸ்மி சொல்லி அறுத்திருப்பேன். இரத்தமும் வந்திருக்கும். ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது. அன்றைக்கு லைனை நிறுத்தி, கரண்டைக் குறைத்து, திரும்பவும் பத்துப் பத்தாக இறக்கி, எல்லாம் எழும்பும் வரைக்கும் விடவில்லை. மேனேஜருக்கு முகம் கறுத்துப்போனது.

ஏன் ஒன்று சாகிறது, ஒன்று பிழைக்கிறது? ஒரே தண்ணீர்தான், ஆனால் பெரிய கோழி, சின்னக் கோழி, நனைந்த கால், காய்ந்த கால், எல்லாவற்றுக்கும் ஒரே அளவு ஏறாது. வீட்டுக்கு வருகிற 50 ஹெர்ட்ஸ் கரண்ட், அதாவது செக்கனுக்கு ஐம்பது தரம் அலைகிற கரண்ட், இதயத்தைச் சுலபமாக நிறுத்திவிடும். நூற்றுக்கணக்கான ஹெர்ட்ஸுக்கு ஏற்றினால் அந்த ஆபத்துக் குறைவு. ஆனால் அப்படி ஏற்றினால் மயக்கம் சரியாக வருவதற்குக் கூடுதல் கரண்ட் வேண்டும். ஐரோப்பியச் சட்டத்தில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒரு கோழிக்குக் குறைந்தது 100 மில்லி அம்பியர், 400க்கு மேலே 200. அவர்களுக்குப் பயம், குறைத்தால் கோழி விழித்திருக்கும். நமக்குப் பயம், கூட்டினால் கோழி செத்துவிடும். ஒரே தொட்டியின் இரண்டு பக்கத்தில் நின்று இரண்டு பேரும் இழுக்கிறோம். இரண்டு பயமும் நியாயமான பயம்தான், அது வேறு விஷயம்.


மூதூர் ஓதுபவன் எழுதியது:

கத்தி நானா சொன்னதோடு ஒன்றிரண்டு. இந்தக் கரண்ட் விஷயத்தில் உலமாக்கள், மார்க்க அறிஞர்கள், ஒரே குரலில் பேசவில்லை. 1980களின் நடுவில் உலக முஸ்லிம் லீக்கும் உலகச் சுகாதார நிறுவனமும் சேர்ந்து கூடிய கூட்டத்தில், மின்சாரம் வேதனையைக் குறைக்கிறது என்றால், கொல்லாத அளவு குறைந்த மின்சாரமாக இருந்தால், ஆகும் என்றார்கள். 1997 இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) அகடமி இன்னும் நுணுக்கமாகப் போனது. மயக்காமல் அறுப்பதுதான் அடிப்படை. மயக்குவதானால் ஆட்டுக்கு 0.75 இலிருந்து 1 அம்பியர், மாட்டுக்கு 2 இலிருந்து 2.5, மூன்று முதல் ஆறு செக்கன். மண்டைக்குள் இறங்குகிற ஊசித் துப்பாக்கி, சம்மட்டி எல்லாம் கூடாது. கோழிக்கு மின்சாரமே வேண்டாம் என்றும் அதில் இருக்கிறது. காரணம் நானாவின் பத்தாவது கோழிதான்: அறுக்கும் முன்னே சாகிறது கணக்கில் கொள்ள வேண்டிய அளவு இருக்கிறது என்றார்கள். மலேசியா கோழிக்கும் நிபந்தனையோடு விடுகிறது.

எங்கள் பக்கம் பின்பற்றுகிற மார்க்கச் சட்டப் பிரிவு ஷாபிஈ மத்ஹப். அதில் மூச்சுக் குழாயும் உணவுக் குழாயும் முழுதாக அறுபட வேண்டும், இரண்டு பக்க இரத்தக் குழாயும் அறுபடுவது சுன்னத்து, கட்டாயம் இல்லை, செய்தால் நல்லது. அறுக்கும் நேரம் நிலையான உயிர் இருக்க வேண்டும். சும்மா ஒரு துடிப்புப் போதாது.


கிண்ணியாக் கத்தி எழுதியது:

நன்றி தம்பி. இனி தங்கச்சியின் மற்றக் கேள்வி, நோகுமா என்பது. இதில் நான் பொய் சொல்ல மாட்டேன்.

நல்ல கத்தி, நல்ல கை, சரியான இடம் என்றால் கோழியும் ஆடும் சட்டென்று போய்விடும். வாப்பாவிடம் ஒரு பழக்கம். கத்தியைத் தீட்டுகிற கல்லைக் கடைக்குப் பின்னால், வேலிக்கு அந்தப் பக்கம் வைத்திருந்தார். மாடு கட்டிய இடத்துக்குக் கத்தியைக் காட்டிக்கொண்டு போக மாட்டார். சாரத்துக்குப் பின்னால் மறைத்துப் பிடித்திருப்பார். ஒரு மாட்டின் இரத்தம் கிடக்கும்போது அடுத்ததைக் கொண்டுவர விட மாட்டார், முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். எல்லாவற்றிலும் அழகாகச் செய்வதை அல்லாஹ் விதித்திருக்கிறான், அறுத்தால் அழகாக அறுங்கள், கத்தியைத் தீட்டிக்கொள்ளுங்கள், பிராணிக்குச் சுகம் கொடுங்கள் என்று ஸஹீஹ் முஸ்லிமில் ஹதீஸ் இருக்கிறது. வாப்பாவுக்கு எழுத்து வராது. அந்த ஹதீஸ் முழுவதும் கையில் இருந்தது.

ஆனால் மாடு வேறு. ஒரு ஹஜ்ஜுப் பெருநாள், நான் பதினான்கு வயது. பெரிய எருது. கயிறு போட்டு விழுத்துவதற்கே ஐந்து பேர், அந்தப் பாடுதான் எனக்கு அறுப்பை விடக் கொடுமையாகத் தெரிந்தது. வாப்பாவின் கை சரியாகத்தான் விழுந்தது, ஒரே இழுவை. இரத்தம் பீறிட்டது. ஆனால் கொஞ்சத்தில் பாய்ச்சல் குறைந்துவிட்டது. எருது தலையைத் தூக்கியது. விழுந்தது. திரும்பவும் தூக்கியது. என்னைப் பார்த்தது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். வாப்பா அதன் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு குந்தியிருந்தார், எழும்பவே இல்லை. அன்றைக்கு வீட்டில் அவர் இறைச்சி தொடவில்லை. ஏன் அப்படி நடந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. மிருக வைத்தியர் யாரும் இருந்தால் சொல்லுங்கள்.


தம்பலகாமம் மாட்டு டொக்டர் எழுதியது:

கத்தி அண்ணா, அது உங்கள் வாப்பாவின் பிழை இல்லை. மாட்டின் உடம்பே அப்படி.

கழுத்தின் முன்பக்கம் இரண்டு பெரிய நாடிகள் மூளைக்குப் போகின்றன. ஆட்டில் அந்த இரண்டையும் அறுத்தால் மூளைக்கு இரத்தம் கிட்டத்தட்ட நின்றுவிடும், சில செக்கனில் உணர்வு போய்விடும். மாட்டில் இன்னும் இரண்டு நாடி கழுத்து எலும்புக்கு உள்ளே, துளை வழியாக ஓடுகிறது. கத்தி அங்கே போகாது. அது மூளைக்குக் கொஞ்சம் இரத்தம் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதோடு, அறுபட்ட நாடியின் முனை சில மாடுகளில் உள்ளே சுருங்கி, பலூன் மாதிரி வீங்கி, தானே அடைத்துக்கொள்ளும். பாய்ச்சல் குறைந்தது என்றீர்களே, அதுதான். அப்படி அடைத்தால் உணர்வு போக ஒரு நிமிடத்துக்கு மேலும் எடுக்கலாம்.

வேதனை பற்றி ஆய்வுகள் முட்டிக்கொள்கின்றன. 1978 இல் ஜேர்மனியில் ஹனோவரில் ஷூல்ட்ஸே என்பவர் ஆட்டிலும் கன்றிலும் மூளையின் மின் அலையை அளந்து, சரியாக அறுத்தால் வேதனை தெரியவில்லை என்றார். முஸ்லிம் மேடைகளில் அடிக்கடி சொல்வது இதைத்தான். ஆனால் தாம் ஒப்பிட்டுப் பார்த்த மயக்குகிற துப்பாக்கி சரியாக வேலை செய்ததா என்று அவரே சந்தேகம் எழுதியிருந்தார். அதைச் சொல்வது குறைவு. 2009 இல் நியூசிலாந்தில் மாசி பல்கலைக்கழகத்தில் கிரேக் ஜோன்சன் குழு கன்றுகளில் பார்த்தபோது, கழுத்து வெட்டே வேதனைக்குரிய சைகையை மூளையில் காட்டியது. நான் இரண்டாவதைத்தான் நம்புகிறேன். ஆடு மாட்டுக்கு வைத்தியம் பார்க்க என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் முஸ்லிம்கள், அவர்களிடமும் இதையேதான் சொல்வேன்.

அதே நியூசிலாந்தில் ஹலால் ஆட்டுக்குத் தலையில் மட்டும் கரண்ட் வைக்கிறார்கள். இதயத்துக்குப் போகாது. அறுக்காமல் விட்டால் கொஞ்ச நேரத்தில் எழும்பி நடக்கும். அதைத்தான் முஸ்லிம் நாடுகள் வாங்கிச் சாப்பிடுகின்றன. ஆகவே வழி இல்லாமல் இல்லை.

வீட்டுக்காரி அக்காவுக்கு ஒன்று. உங்கள் விருந்தினர் சொன்னது சரி: பெல்ஜியத்தில் கென்ட் இருக்கிற பிளான்டர்ஸ் பகுதியில் 2019 ஜனவரியிலிருந்து தடை, இன்னொரு பகுதியான வலோனியாவில் அதே வருடம் செப்டம்பரிலிருந்து. பிரசல்ஸில் தடை இல்லை. 2020 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமும் 2024 பெப்ரவரியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் அந்தத் தடையில் பிழை இல்லை என்றன. ஆனால் அந்தச் சட்டத்திலேயே, மத முறையில் அறுப்பதானால் மீண்டெழும்பக் கூடிய மயக்கம், மயக்கத்தால் சாகக் கூடாது என்று இருக்கிறது. கத்தி அண்ணாவின் ஒன்பது கோழி அங்கேயும் சட்டம்தான்.


நிலாவெளி வீட்டுக்காரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. எருதுக் கதையை இரண்டு தரம் வாசித்தேன், நானா. எங்கள் அம்மா வெள்ளிக்கிழமையில் மீன், இறைச்சி என்று மச்சம் சமைக்க விட மாட்டார், ஆனால் மற்ற ஆறு நாளும் கோழி எப்படிச் செத்தது என்று அவரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

இப்போது ஒரு கேள்வி. சந்திக் கடையில் போய் நின்றால் எதைப் பார்க்க வேண்டும்? குறை பிடிக்க இல்லை, தெரிந்துகொள்ள.


கிண்ணியாக் கத்தி எழுதியது:

ஊர்க் கடையில் கரண்ட் தொட்டியைத் தேட வேண்டாம், இருக்காது. மூன்று இடத்தைப் பாருங்கள். கத்தி: அறுக்கும்போது கை முன்னும் பின்னும் வாள் மாதிரிப் போனால் கத்தி மொட்டை. தூக்கிற விதம்: இறக்கையில் பிடித்து எறிகிறாரா, நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கிறாரா. மற்றது சுடுதண்ணீர். இதைத்தான் நான் எல்லா இடத்திலும் பார்ப்பேன். இறகு பிடுங்குவதற்குச் சுடுதண்ணீரில் போட வேண்டும், சனம் நிற்கிறது என்று அவசரத்தில் துடிப்பு அடங்கும் முன்னே போட்டுவிடுவார்கள். அது கொடுமையும், மார்க்கத்துக்கும் சரியில்லை. அறுத்ததிலிருந்து அசைவு நிற்கும் வரை மனதுக்குள் எண்ணிப் பாருங்கள். எண்ணி முடிய முதல் தண்ணீருக்குள் போனால் வேறு கடை பாருங்கள், அது என் மச்சான் கடையாக இருந்தாலும் சரி.


நிலாவெளி வீட்டுக்காரி எழுதியது:

நேற்றுப் போயா, பௌர்ணமி விடுமுறை, கடை பூட்டு. இன்று காலை ஆறரைக்குப் போனேன். மூன்று கோழி சொல்லிவிட்டு, பணம் கொடுத்துவிட்டு வழக்கம்போல் வெளியே முச்சக்கர வண்டிக்குப் பக்கத்தில் நிற்காமல் உள்ளே போய் நின்றேன். நானா ஒரு மாதிரிப் பார்த்தார். "இறைச்சி போன தரம் சரியில்லையா தங்கச்சி?" என்றார். இல்லை நானா, சும்மா என்றேன்.

இடது கையால் இறக்கையையும் காலையும் சேர்த்துப் பிடித்து, நெஞ்சோடு ஒட்டி வைத்து, பெருவிரலால் தலையைப் பின்னுக்கு மடித்தார். வாய் அசைந்தது. கை ஒரு தரம்தான் போனது. பிறகு தகரக் கூம்புக்குள் தலைகீழாக விட்டார். நான் எண்ணினேன். முதலாவது நாற்பத்தொன்றில் அடங்கியது, இரண்டாவது முப்பத்தெட்டு. மூன்றாவது அடங்கும் முன் உதவிக்கு நிற்கிற பெடியன் கையை நீட்டினான், வெளியே இரண்டு மோட்டார் சைக்கிள் ஹோர்ன் அடிக்கிறது. நானா அவன் கையில் ஒரு தட்டுத் தட்டினார். "பொறு" என்றார். அவ்வளவுதான்.

பிறகு என் பக்கம் திரும்பி, "நீ என்ன எண்ணுகிறாய்?" என்றார். வாய் அசைந்தது எனக்கே தெரியவில்லை. பெல்ஜியம் கதையைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. கரண்ட் வைத்து அறுப்பது கூடாது என்று அவர் நினைப்பு, அதில் அவர் மாறவில்லை. மூதூர்த் தம்பி எழுதியதைச் சொல்லிப் பார்த்தேன், "அது பெரிய ஆட்கள் விஷயம்" என்றார். ஆனால் அந்த அம்மா அடுத்த முறை வந்தால் கடைக்குக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார், பார்த்துவிட்டுப் பிடிக்காவிட்டால் சாப்பிடாமல் போகட்டுமாம்.

விடுதிக்கு வந்து சாப்பாட்டு அட்டையில் கோழிக் கறிக்குக் கீழே எழுதினேன்: ஊர்க் கடையில் கையால், பிஸ்மி சொல்லி, மயக்காமல் அறுத்தது. தடுப்பூசி அட்டை மாதிரி இருக்கிறது என்று மகள் சிரிக்கிறாள். இன்று ஒரு ஒல்லாந்துப் பெடியன் அதை வாசித்தான், கொஞ்சம் யோசித்தான், மீன் கேட்டான். பக்கத்து மேசையில் இருந்தவர்கள் கோழி கேட்டார்கள்.


கிண்ணியாக் கத்தி எழுதியது:

நாற்பத்தொன்று நல்ல எண்ணிக்கை. அந்த நானாவுக்கு என் ஸலாம் சொல்லுங்கள். கூம்பு எங்கே செய்வித்தார் என்றும் கேட்டுச் சொல்லுங்கள், என் மச்சானுக்கு ஒன்று தேவை.